ஐந்தாவது விடை

மார்ச் முடிகிறது. உலான்பாதரில்
கரிப்புகை முடியவில்லை.
மூன்றாம் மாடியில், முனகும் ஹீட்டருக்குப் பக்கத்தில்
நான் கேள்விகள் எழுதுகிறேன்.

எழுபத்தொரு பேர். கிராம மருத்துவ உதவியாளர்கள்.
ஒருவரையும் நேரில் கண்டதில்லை.
திரையில் ஆளுக்கொரு பச்சைப் புள்ளி.

இரவு இரண்டு நாற்பதுக்குப்
பதினாறு புள்ளிகள் ஒன்றாய் எரிந்தன.
சர்வர் கோளாறு என்றேன்.
கணினிப் பிரிவு கான்பாட்டர்
இரண்டு நாள் துழாவிவிட்டு வந்து சொன்னான்:
கோளாறில்லை,
ஆடுகள் ஈனும் மாதம்.

இருபது நிமிடத் தேர்வில்
பதினோராம் நிமிடம் உதிர்ந்தார்கள்.
குளிரில் பேட்டரி செத்துப்போகும்;
போனை அக்குளில் வைத்துச் சூடேற்றித்
திரும்பி வருவதற்குள்
தேர்வு கதவைச் சாத்தியிருக்கும்.
நேர வரம்பை எடுத்துவிட்டேன்.
"காப்பியடித்தால்?" என்றார் பாடக்குழுவில் ஒருவர்.
அடிக்கட்டும்.
காய்ச்சல் பரவும் வேகத்தில்
இந்தப் பாடமும் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு
ஒட்டிக்கொண்டால் எனக்கென்ன நஷ்டம்?

ஏழாவது கேள்வி:
செத்துப் பிறந்த குட்டியை எதைக் கொண்டு தொடுவீர்கள்?
வெறுங்கை.
துணி சுற்றிய கை.
கையுறை.
எதுவானாலும், பிறகு சோப்பு.

அறுபத்து மூன்று பேர் கையுறை என்றார்கள்.
நூற்றுக்கு எண்பத்தொன்பது.
அந்த எண்ணுக்கு நீலம் தீட்டி
ஆய்வுக் கட்டுரையின் நான்காம் அட்டவணையில்
உட்காரவைத்தேன்.

செய்முறைப் பாடத்துக்குத் தெம்பெரெல்
உவ்ஸ் ஏரிக்கு அப்பாலிருந்து ஒரு வீடியோ அனுப்பினார்.
கைகழுவும் ஆறு படிகள்.
சொன்னதில் பாதியைக் காற்று தின்றுவிட்டது.
படத்தின் வலது ஓரத்தில்,
பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாமல்,
அவர் மனைவி மண்டியிட்டிருக்கிறாள்.
முழங்கை வரை ஆட்டுக்குள்.
வெளியே வந்த கையில்
ஆவி பறக்கிறது.
ஆவியும் ரத்தமும் தவிர
அந்தக் கையில் வேறெதுவும் இல்லை.

மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன்.
கூப்பிட்டேன்.
"ஏழாவது கேள்விக்குச் சரியாகத்தானே எழுதியிருந்தீர்கள்?"
"சரிதான் டீச்சர், விடை கையுறைதான்.
போன இலையுதிர் காலத்தில் இரண்டு ஜோடி வந்தது.
ஒன்று கிழிந்துவிட்டது.
மற்றது பிரசவத்துக்கு.
பெண்களின் பிரசவத்துக்கு."
கொஞ்ச நேரம் காற்று மட்டும் பேசியது.
அவளுக்கு விட்டு விட்டுக் காய்ச்சலாம்.
மூட்டெல்லாம் வலியாம்,
கடிவாளம் பிடிக்க முடியவில்லையாம்.
பிறகு மெல்ல,
"மார்க்கைக் குறைத்துவிடுவீர்களா?"

ஏட்டுக் கையுறை.
அன்றிரவு ஐந்தாவதாக ஒரு விடை சேர்த்தேன்:
கையுறை இல்லை.
எது சரியானது என்று கேட்டது இயந்திரம்;
ஒன்றைச் சொல்லாமல் சேமிக்க மாட்டேன் என்றது.
இரண்டையும் சொன்னேன்.

அடுத்த வருடம் அறுபத்தாறு பேர்.
ஐம்பத்தெட்டு பேருக்கு ஐந்தாவது விடை.
கட்டுரையைத் திருப்பி அனுப்பிய மதிப்பீட்டாளர்
ஓரத்தில் எழுதியிருந்தார்:
கற்றலில் கடும் வீழ்ச்சி, விளக்கம் தேவை.
அதே அட்டவணையை
ஒரு விளக்கமும் சேர்க்காமல்
அமைச்சகத்துக்கு அனுப்பினேன்.
பதில் வரவில்லை. மறுபடி அனுப்பினேன்.
ஐந்தாம் முறை
எழுத்தரின் பெயர்கூட மனப்பாடம்.

இந்த வசந்தத்தில் நாற்பது பெட்டிகள் போயிருக்கின்றன,
ஒரே ஒரு வட்டத்துக்கு.
எல்லாம் சின்ன அளவு.
தெம்பெரெல் படம் அனுப்பியிருக்கிறார்:
கையுறையைக் கிழித்துக்கொண்டு
வெளியே நிற்கும் கட்டைவிரல்.
கீழே ஒரு வரி,
"அவளுக்குச் சரியாக இருக்கிறது."

அவளுக்கு.
இரண்டு வருடமாக அந்தக் கையைப் பார்க்கிறேன்.
கருத்தரங்கில் அதைத் திரையில் நிறுத்திப்
பேசியும் இருக்கிறேன்.
அதற்கு ஒரு பெயர் உண்டென்று
கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

மணி இரண்டு நாற்பது.
உவ்ஸ் பக்கம் ஒரு பச்சைப் புள்ளி.
கேட்கிறேன்.
தட்டச்சு செய்கிறார் என்று காட்டுகிறது;
நிற்கிறது;
குட்டி ஏதோ வருகிறது போலும்.